சுலைகா அக்கா கேட்ட ஆறு மாதம்

சுலைகா அக்கா இறந்துபோன செய்தி வந்தபோது நான் என் மகள் அபிக்கு டிக்டேஷன் கொடுத்துக்கொண்டிருந்தேன். மே மாதக் காலை, பத்து மணி இருக்கும். ஏழாவது வார்த்தையைச் சொல்லிவிட்டுக் கைப்பேசியைப் பார்த்தேன். அவர் மகன் அன்சர் இரண்டு வரி அனுப்பியிருந்தான். உம்மா காலையில் மவுத்தாகிவிட்டார்கள், அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். படித்தேன். புரிந்தது. புரிந்த பிறகும் எட்டு, ஒன்பது, பத்து என்று மீதி மூன்று வார்த்தைகளையும் சொல்லி முடித்தேன். அபி எழுதி நோட்டை என் பக்கம் தள்ளிய பிறகுதான் எழுந்து சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் இதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுதினால் அக்காவைப் பற்றி எழுதியதாக ஆகாது. அவர் இருந்திருந்தால், “பத்தையும் முடிச்சிட்டுத்தான் எந்திச்சியளா டீச்சர்?” என்று கேட்டுச் சிரித்திருப்பார்.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். தாராவியில் அவரிடம் நாலாம் வகுப்பு படித்தவர்கள் இருப்பீர்கள். அவர் சொல்லி வெயிலில் முட்டி போட்டவர்களும் இருப்பீர்கள். சிலருக்கு அவர் பை தைக்கிற காதர் பாயின் மனைவி. இன்னும் ஐந்தாறு குடும்பங்களுக்கு அவரைத் தெரிந்தது சனிக்கிழமைகளில் மாட்டுங்கா பூங்காவில். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்திருந்தவர்கள் நாங்கள். பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் விழித்தவர்கள் என்றும் சொல்லலாம்.

நான் செம்பூரில் ஒரு பள்ளியில் பதினொரு வருடம் கணக்கு எடுத்தவள். என் மகள் வேறொரு பள்ளியில் படித்தாள். மூன்றாம் வகுப்பில் ஒருநாள் காலையில் வாந்தி எடுத்தாள். பிறகு தினமும். வயிற்றில் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். அதற்குப் பிறகு வகுப்பில் பேசுவதை நிறுத்தினாள். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், வாய் திறக்க மாட்டாள். வகுப்பாசிரியை என்னைக் கூப்பிட்டு வருத்தப்பட்டபோது, நீங்கள் இன்னும் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள் என்று நான்தான் சொல்லிவிட்டு வந்தேன். அவரும் அப்படியே இருந்தார். ஒரு மாதத்தில் அபி வீட்டிலும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். கேட்டால் பதில் வரும், கேட்காவிட்டால் ஒன்றும் வராது. என்னைப் பார்க்கும்போது வகுப்பில் டீச்சரைப் பார்க்கிற பார்வை. அது எனக்குப் பொறுக்கவில்லை. அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினேன், என் வேலையையும் விட்டேன். என் மகளைத் திரும்பப் பெற வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படிக்க வைக்கிறவர்களுக்கு வழி சொல்கிற ஓர் அம்மா தாராவியில் இருக்கிறார் என்று என்னோடு வேலை பார்த்த ஒருத்தி சொன்னாள். சயானில் பஸ்ஸை விட்டு இறங்கி அபியைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன். கீழே கார்கானா என்கிற தையல் பட்டறை. நாலு தையல் மெஷின், சுவரோரம் அடுக்கி வைத்த ஸ்கூல் பைகள். ஏணி மாதிரி செங்குத்தான இரும்புப் படியில் ஏறினால் மேலே வீடு. பள்ளிக்கூடத்தை விடச் சொல்கிறவரின் புருஷன் ஸ்கூல் பை தைக்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அதை அவரே சொல்லிச் சிரிக்கிறவர்தான். “எங்க வீட்டுக்காரவுக மாட்டி விடுதாவ, நான் கழத்தி விடுதேன்,” என்றார்.

நான் ஒரு ஃபைல் கொண்டுபோயிருந்தேன். அதில் டைம்டேபிள் இருந்தது. எட்டரை முதல் ஒன்பதேகால் வரை கணக்கு. வியாழக்கிழமை பி.டி. பத்துக்குப் பன்னிரண்டு ஹாலில் நானே விசில் ஊதுவதாகத் திட்டம். பாடப் புத்தகங்களுக்குப் பழுப்புத் தாளில் அட்டை போட்டு லேபிள் ஒட்டியிருந்தேன். பெயர், வகுப்பு, டிவிஷன் எல்லாம் எழுதியிருந்தேன். அக்கா ஒரு புத்தகத்தை எடுத்து லேபிளைப் படித்தார்.

“டிவிஷன் ஏ-ன்னு போட்டிருக்கு. பி டிவிஷன்ல யாரு படிக்கா?”

எனக்குச் சுருக்கென்றது. அவர் சிரிக்கவில்லை. அபியிடம் திரும்பி, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். அபி தோசை என்றாள். எத்தனை என்று அவர் கேட்கவில்லை. நானாக இருந்தால் கேட்டிருப்பேன்.

பிறகு என்னிடம் சொன்னார். “ஆறு மாசம் ஒண்ணும் செய்யாதிய. புஸ்தகம், நோட்டு, பரிச்சை எதுவும் வேணாம். தூங்கட்டும், சாப்பிடட்டும், சும்மா கெடக்கட்டும்.”

“ஆறு மாசமாக்கா? எல்லாம் மறந்துபோயிருமே. வீணாப் போகாதா?”

“பள்ளிக்கூடத்த விட்டு நின்னது உங்க மவ. நீங்க இன்னும் நிக்கல டீச்சர். இந்த ஆறு மாசம் அவளுக்கு இல்ல, உங்களுக்கு.”

தலையாட்டிவிட்டு வந்தேன். மறுநாள் டைம்டேபிளைக் கிழித்துப் போட்டேன். கிழிப்பதற்கு முன்னால் அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன். என் கணவர் முலுண்டில் வேலை பார்க்கிறவர். குர்லாவில் வண்டி மாறிப் போய்வந்து சாயங்காலம் களைத்துப்போய் வீடு திரும்புவார். “இன்னிக்கு என்ன படிச்சா?” என்று கேட்பார். ஒன்றும் படிக்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் விருப்பமிருந்தால் செய் என்று சொல்லி, தினமும் பத்தே பத்துக் கணக்கு மட்டும் கொடுத்தேன். விருப்பமில்லை என்று சொல்லலாம் என்பது அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

மூன்றாவது வாரம் அக்கா செம்பூருக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். முன்னறிவிப்பு இல்லாமல் வந்ததால் எதையும் ஒளித்து வைக்க முடியவில்லை. அபி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். வலது கை எழுதுகிறது. இடது கை நோட்டைச் சுற்றி வளைத்து மறைத்திருக்கிறது. தலை அதன் மேல் கவிழ்ந்திருக்கிறது. மேஜையில் வேறு யாரும் இல்லை. நாலு நாற்காலியில் மூன்று காலி.

அக்கா என் காதருகில் கேட்டார். “யாரு பாத்து எழுதிருவான்னு மறைக்கா?”

தினமும் நான் பார்த்த காட்சிதான் அது. நல்ல பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். பதினொரு வருடமும் பிள்ளைகளிடம், கையை வைத்து மறைத்து எழுது, பக்கத்தில் இருப்பவனுக்குக் காட்டாதே என்று சொன்னவள் நான். அக்கா மெல்லப் போய் அபியின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அபி நிமிராமலேயே கையை இன்னும் இறுக்கி வளைத்துக்கொண்டாள். அக்கா உடனே எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. டீ குடித்தார், வெயிலைப் பற்றிப் பேசினார். செருப்பு மாட்டும்போது மட்டும் சொன்னார்: “இது போறதுக்கு நாளாகும் டீச்சர். பாத்துக்கிட்டே இருங்க. அவகிட்ட சொல்லிராதிய.”

அன்றுதான் நான் உண்மையிலேயே நிறுத்தினேன். புத்தகங்களைப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். சும்மா இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அதற்குப் பிறகு தெரிந்தது. அபி தரையில் மல்லாந்து படுத்து மின்விசிறியைப் பார்ப்பாள். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். எனக்குக் கை பரபரக்கும். எத்தனை இறக்கை, ஒரு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று கேட்கத் தோன்றும். நாக்கைக் கடித்துக்கொண்டு போய் அரிசி களைவேன். அந்த மாதங்களில் எங்கள் வீட்டு அரிசி அளவுக்கு மீறிச் சுத்தமாக இருந்தது.

சனிக்கிழமைக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகள் மரங்களுக்கு நடுவில் ஓடப் போய்விடுவார்கள். பெற்றவர்கள் வட்டமாக உட்கார வேண்டும். அக்கா ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பார். “இந்த வாரம் என்ன பள்ளிக்கூடம் நடத்துனிய?” வீட்டில் நம்மை அறியாமல் நடத்திவிட்ட பள்ளிக்கூடத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருவர் பையனைக் காய்கறிக் கடைக்கு அழைத்துப்போய் வழியெல்லாம் மனக்கணக்குக் கேட்டிருப்பார். ஒரு தாய் மகள் சொன்ன கதையில் பிழை திருத்தியிருப்பாள். அக்காவும் சொல்வார். வேலையை விட்டுப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியும், தெருவில் கத்துகிற பிள்ளைகளைப் பார்த்து விரலை உதட்டில் வைத்துவிட்டேன் என்பார். நாங்கள் சிரிப்போம். அந்த வட்டத்தில் யாரும் யாருக்கும் புத்தி சொல்லக் கூடாது. சொன்னால் அதுவும் பள்ளிக்கூடம் என்று கணக்கில் சேரும்.

அப்படி ஒரு சனிக்கிழமையில்தான் அன்சரைப் பற்றிச் சொன்னார்.

“அன்சர் நாலாம் வகுப்பு எங்கிட்டதான் படிச்சான். மவன்னு பாரபட்சம் பாக்கான்னு யாரும் சொல்லிரக் கூடாதுல்லா? மத்த புள்ளைகளுக்கு ஒரு அடின்னா அவனுக்கு ரெண்டு. மத்தது பத்து நிமிசம் முட்டி போட்டா அவன் இருவது. வகுப்புல உம்மான்னு கூப்பிடக் கூடாது, டீச்சர்னுதான் கூப்பிடணும்னு சொல்லி வச்சிருந்தேன். வீட்டுக்கு வந்தும் டீச்சர்னே கூப்பிட்டான். எனக்கு ஒரே பெருமை, புள்ள எவ்வளவு ஒழுக்கம் பாருன்னு. ஒரு நாள் நல்ல காய்ச்சல்ல கெடக்கான். கண்ணு தெறக்கல. தண்ணி கேக்கான். ‘டீச்சர், தண்ணி.’”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே முடித்தார். “மறு மாசமே வேலைய விட்டேன். அவனையும் நிறுத்திட்டேன். அவன் மறுபடி உம்மான்னு கூப்பிட ரெண்டு வருசம் ஆச்சு. இப்பவும் அவசரத்துல வாயில டீச்சர்னு வந்துரும். வந்துட்டுன்னா அவனே வெக்கப்படுதான்.”

என்னை அவர் டீச்சர் என்று கூப்பிட்டது கேலிக்கு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அன்று வீட்டுக்கு வருகிற வழியில் அபியின் கையைப் பிடிக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

நாலாவது மாதத்தில் ஒரு நல்லது நடந்தது. ஹார்பர் லைன் ரயிலில் போய்க்கொண்டிருந்தோம். வடாலாவில் வண்டி வழக்கம்போல நின்றுகொண்டே இருந்தது. அபி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, “வடாலா வந்தா மட்டும் ட்ரெயின் ஏன் இவ்ளோ யோசிக்குது?” என்றாள். என்னிடமா, வண்டியிடமா தெரியவில்லை. நான் பதில் சொல்லவில்லை. பதில் சொன்னால் பாடமாகிவிடும் என்று பயம். அவளே சிரித்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்ததைக் கேட்டேன்.

அந்த நாட்களில் வாரத்தில் இரண்டு நாள் அவளை அக்கா வீட்டில் விடுவேன். இருவரும் சும்மா சந்து சந்தாக நடப்பார்களாம். அபிக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. இங்கே வளர்கிற தமிழ்ப் பிள்ளைகள் பலரும் அப்படித்தான். தாராவியில் கடைப் பலகைகளில் தமிழ் எழுத்தைப் பார்த்து, அது என்ன, இது என்ன என்று இவளாகக் கேட்டிருக்கிறாள். கேட்டதற்கு மட்டும் அக்கா பதில் சொல்லியிருக்கிறார். கேட்காத எழுத்தைக் காட்டவில்லை. எனக்கு இது எதுவும் தெரியாது. ஒருநாள் சயானுக்கு நடந்து வரும்போது அபி நின்று, ஒரு கடைச் சுவரைக் காட்டி, “இட்லி மாவு,” என்று படித்தாள். சத்தமாக. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, “அம்மா, மாவு!” என்றாள். நான் கேட்காமல் அவளாகவே என்னிடம் சொன்ன விஷயம் அதுதான். பள்ளியை விட்டு நின்றதிலிருந்து அதுதான் முதல்.

அந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்க வேண்டும். மாவு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். சந்தோஷத்தில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. செம்பூரில் இறங்கியதும் கடைக்குப் போய் ஓர் இரட்டைக்கோடு நோட்டும், உயிர்மெய் எழுத்துச் சார்ட்டும், புதுப் பென்சிலும் வாங்கினேன். அன்று மாலையே முதல் பக்கத்தில் மேலே வலப்புறம் தேதி போட்டு, ஒரு வரிக்கு ஓர் எழுத்து எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொன்றும் பத்து முறை. அபி என்னைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள். உட்கார்ந்து அழகாக எழுதிக் கொடுத்தாள். நான் கீழே சரி என்று சிவப்பில் டிக் போட்டேன். சிவப்புப் பேனா என் கைக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

மறுவாரம் அதே கடையைத் தாண்டிப் போனோம். அவள் சுவரைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு எந்தப் பலகையையும் பார்க்கவில்லை. அக்காவோடு நடக்கும்போதும் கேட்கவில்லையாம். அவர் கேட்ட ஆறு மாதத்தில் நான் கொடுத்தது நாலு மாதமும் சில நாட்களும்தான்.

சனிக்கிழமை வட்டத்தில் ஒப்புக்கொண்டேன். அந்த வட்டத்தில் புத்தி சொல்லக் கூடாது என்பது அவர் போட்ட விதிதான். கூட்டம் கலைந்த பிறகு தனியாக வந்து சொன்னார். “அவ உங்களுக்குக் காட்டுததுக்குப் படிக்கல டீச்சர். அவளுக்குப் படிச்சா. இப்ப அது உங்களுதாயிட்டு. இனி அவளுக்கு எதுக்கு அது?” சொன்னவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு என் தோளில் கை வைத்தார். “நானா இருந்தாலும் இதத்தான் செஞ்சிருப்பேன்,” என்றார். ஆறுதலுக்குச் சொன்னதுதான். ஆனால் எனக்கு அதைக் கேட்க இன்னும் பயமாக இருந்தது.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றார். ஆரம்பித்தோம். இரண்டாவது முறை நான் சும்மா இருந்தபோது அபி நம்பவில்லை. அவள் தரையில் படுத்து விசிறியைப் பார்க்கும்போது ஓரக்கண்ணால் என்னையும் பார்த்தாள், எப்போது நோட்டு வரும் என்று.

கூட்டமும் கரைய ஆரம்பித்தது. முலுண்டிலிருந்து வந்த குடும்பம் முதலில் நின்றது. படிக்காத பையனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று தாத்தா சாப்பிடாமல் படுத்துவிட்டாராம். பையனுக்கு வயது ஒன்பது. அம்பர்நாத்திலிருந்து இரண்டு மணி நேரம் வண்டியில் வந்த குடும்பத்தில் அப்பாவுக்கு ஷிஃப்ட் மாறிவிட்டது. பிள்ளையைப் பள்ளியில் போட்டுவிட்டார்கள். ஒவ்வொருவரும் போகும்போது அக்காவிடம் மன்னிப்புக் கேட்டார்கள். அவர் எல்லோருக்கும் ஒரே மாதிரி, “புள்ள நல்லா இருந்தாப் போதும்,” என்றார். கடைசியில் சனிக்கிழமை வட்டம் என்பது அவரும் நானும் எதிரெதிரே உட்காருவதாக ஆனது. போன குளிர்காலத்தில் அவருக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. தெரிந்தபோதே தாமதம்.

நான் அபியை மறுபடி பள்ளியில் சேர்க்க முடிவு செய்தது அப்போதுதான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. கணவர், உன் இஷ்டம் என்றார். அவளுக்குப் பத்து வயது ஆகிவிட்டது, அக்கா இல்லாமல் இதைத் தனியாக நடத்துகிற தெம்பு எனக்கில்லை. நானே போய் விண்ணப்பம் வாங்கினேன், நானே பூர்த்தி செய்தேன். நுழைவுத் தேர்வு உண்டு என்றார்கள். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை வெளியே இழுத்தேன். அபி ஒன்றும் கேட்கவில்லை. சரி என்றாள்.

ஏப்ரல் கடைசியில் அக்காவைப் பார்க்கப் போனேன். அவர் மேலே ஜன்னலோரம் படுத்திருந்தார். முகம் பாதியாகியிருந்தது. கீழே மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. பள்ளி திறக்கிற சீசன். அன்சரைப் பற்றித்தான் முதலில் பேசினார். அவனுக்கு இப்போது இருபத்தொரு வயது. அப்பாவோடு மெஷினில் உட்காருகிறான். கூட்டாளியோடு துபாய்க்குப் போக ஆசைப்பட்டு ஏஜென்டைப் பார்த்திருக்கிறான். பத்தாவது சர்டிபிகேட் கேட்டிருக்கிறார்கள். பரீட்சை தனியாக எழுதிக்கொள்ளலாம் என்று வருடா வருடம் தள்ளிப்போட்டது அப்போதுதான் உறைத்திருக்கிறது. அவன் திரும்பி வந்து ஒன்றும் பேசாமல் மெஷினில் உட்கார்ந்துவிட்டானாம்.

“உம்மா மேல கோவமாலேன்னு கேட்டேன். இல்லன்னான். அந்த ‘இல்ல’ய நான் நம்பல டீச்சர். நான் கேட்டா அவன் வேற என்ன சொல்லுவான்?”

நான் அவர் காலைப் பிடித்துவிட்டேன். கொஞ்சம் பொறுத்து, வழக்கமான குரலில், வட்டத்தில் கேட்பது போலவே கேட்டார். “சரி, இந்த வாரம் என்ன பள்ளிக்கூடம் நடத்துனிய?”

அன்று காலை நான் அபிக்கு மாதிரித் தேர்வு வைத்திருந்தேன். கடிகாரத்தை மேஜையில் வைத்து, ஒரு மணி நேரம். இதோ, இந்த ஒரு கேள்விக்கு உண்மை சொல்லத்தான் அந்த வட்டமே இருந்தது. இரண்டு வருடம் அவரிடம் எத்தனையோ அசட்டுத்தனங்களை ஒப்புக்கொண்டவள் நான்.

“ஒண்ணுமில்லக்கா. சும்மாத்தான் இருந்தோம்,” என்றேன்.

“நல்லது,” என்றார். கண்ணை மூடிக்கொண்டார். “நல்லது டீச்சர்.”

அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. பத்தொன்பது வருடம் வகுப்பில் நின்றவருக்குப் பொய் சொல்கிற முகம் தெரியாமல் இருக்காது. தெரிந்தும் விட்டுவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். நான் எழுந்தபோது கையைப் பிடித்து, “உங்க எல்லாரையும் நான் கெடுத்துட்டேனோ?” என்று கேட்டார். “இல்லக்கா,” என்றேன். இந்த ‘இல்ல’யையும் அவர் நம்பியிருக்க மாட்டார். இறங்கும்போது கண்ணை நீர் மறைத்துப் படி தெரியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டே இறங்கினேன். அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

அன்று செய்தி வந்ததும் அபியைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்தப் படி குறுகல் என்பதால் அவரைக் கீழே கார்கானாவில்தான் கிடத்தியிருந்தார்கள். மெஷின்களைச் சுவரோரம் தள்ளி, தைத்து முடித்த ஸ்கூல் பைகளைக் கூரை வரை ஏற்றி இடம் பண்ணியிருந்தார்கள். காதர் பாய் வாசலில் தலையைக் குனிந்து நின்றார். சந்துப் பெண்களும், அவரிடம் படித்து இன்று இடுப்பில் பிள்ளையோடு வந்தவர்களும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் ஓதினார்கள், சிலர் வாய்விட்டு அழுதார்கள். அன்சர் உள்ளேயும் வெளியேயுமாக நடந்துகொண்டிருந்தான்.

அபி என் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நேராக நின்றாள். அக்கா முகத்தையே பார்த்தாள். வாரத்தில் இரண்டு நாள் அவளோடு சும்மா நடந்த மனுஷி. அவள் உதடு துடிப்பதைப் பார்த்தேன். அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. என் துப்பட்டாவை மெல்ல இழுத்தாள். குனிந்தேன்.

“அம்மா, நான் அழலாமா?” என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், அழலாம் என்றேன். வேறு என்ன சொல்வது? அந்தச் சொல்லும் நான் கொடுத்த அனுமதியாகத்தான் அவளிடம் போனது. அழுதாள். சத்தம் வராமல், தோள் குலுங்க, இரண்டு நிமிடம் இருக்கும். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, போதுமா என்று கேட்பது போல என்னை நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்தில் இருந்த அம்மாள் என்னிடம், “எவ்வளவு அடக்கமான புள்ள,” என்றார்.

அக்காவைத் தெரிவதற்கு முன்பு என்றால் அந்த வார்த்தையை நான் வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொண்டிருப்பேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இது ஒன்றுதான்: என் மகளுக்கு நான் என்ன செய்திருக்கிறேன் என்று எனக்குப் பார்க்கத் தெரிகிறது. அதைத் திருப்ப எனக்குத் தெரியவில்லை. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. கேட்க இருந்த ஒருவரிடமும் கடைசியில் பொய் சொன்னேன். திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. நேற்று அபி சீருடையைப் போட்டுப் பார்த்தாள். அளவு சரியாக இருக்கிறது.